அழைப்பைச் சோதிக்கும் நான்கு ஆண்டுகள்: லுத்தரன் செமினரியின் எம்.டிவ். படிப்பு, ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் லுத்தரன் போதகராக விரும்புவோரில் பெரும்பாலானோர் போகும் வழி ஒன்றுதான்: செமினரி எனும் இறையியல் கல்லூரியில் சேர்ந்து எம்.டிவ். (இறையியல் முதுநிலைப் பட்டம்) என்ற நான்கு ஆண்டுப் படிப்பை முடிப்பது. அந்தப் படிப்பைத்தான் இங்கே எடைபோடுகிறோம். பேச்சு பெரும்பாலும் இ.எல்.சி.ஏ. எனப்படும் அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஏழு செமினரிகளைப் பற்றியது. தேவைப்படும் இடத்தில் மிசௌரி சினாடு என்ற இன்னொரு லுத்தரன் திருச்சபையின் முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சேர்க்கைக் கையேடு எதை எடுத்தாலும் ஐக்கியம் (விசுவாசிகளுக்கிடையிலான நெருக்கம்), அழைப்பு (போதகப் பணிக்கான அழைப்பு) என்ற இரண்டும் முதல் பக்கத்திலேயே இருக்கும். நான்காம் ஆண்டு முடிந்து வெளியே வருபவரிடம் இவற்றில் எது எவ்வளவு மிஞ்சுகிறது?

அழைப்பைப் பொறுத்தவரை இந்தப் படிப்பு சொன்னதைச் செய்கிறது. சில சமயம் மாணவர் விரும்புவதற்கு மேலேயே செய்கிறது. ஐக்கியம் அப்படி இல்லை. அது செமினரிக்குச் செமினரி மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். விசாரிக்காமல் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

பட்டம் வேறு, அனுமதி வேறு

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. பட்டம் தருவது செமினரி. குருப்பட்டத்துக்கு, அதாவது போதகராக நியமிக்கப்படுவதற்கு, தகுதியானவரா என்று தீர்மானிப்பது திருச்சபை. எம்.டிவ்.வில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும் திருச்சபை 'இப்போது வேண்டாம்' என்று சொல்லலாம், சொல்கிறது. செமினரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு எம்.டிவ்.வுக்குக் குறைந்தது 72 கிரெடிட் கேட்கிறது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, லுத்தரன் விசுவாச அறிக்கைகள், பிரசங்கம், ஆராதனை, மேய்ப்புப் பணி எல்லாம் அதற்குள் அடங்கும். எபிரேயம், கிரேக்கம் எவ்வளவு வேண்டும் என்பது இ.எல்.சி.ஏ. செமினரிகளில் ஒன்றுக்கொன்று வேறுபடும். மிசௌரி சினாடில் இரண்டும் கட்டாயம்.

திருச்சபையின் பக்கம், அதாவது அதன் வட்டாரப் பிரிவான சினாடின் குழு முன், மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது நுழைவு. இ.எல்.சி.ஏ. சபை ஒன்றில் குறைந்தது ஓராண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பின்னணிச் சோதனை, உளவியல் மதிப்பீடு, கட்டுரை, நேர்காணல் எல்லாம் இந்தக் கட்டத்தில் வரும். இரண்டாவது, படிப்பின் நடுவில் வரும் ஒப்புதல். செமினரியின் பிரதிநிதியும் அதில் உட்காருவார். மூன்றாவது, கடைசி ஆண்டில் வரும் இறுதி அங்கீகாரம். கடைசி இரண்டு கட்டங்களிலும் குழு மூன்றில் ஒன்றைச் சொல்லும்: சரி, ஒத்திவைப்பு, மறுப்பு.

இதில் சிக்கல் வருவது பெரும்பாலும் காலக்கணக்கில். செமினரியில் சேர்ந்துவிட்டு 'சினாடு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுபவர்கள் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். நடுக்கட்ட ஒப்புதல் இல்லாமல் இன்டர்ன்ஷிப்புக்கு (ஒரு சபையில் ஓராண்டுப் பயிற்சி) போக முடியாது. குழுவோ ஆண்டுக்குச் சில தடவைதான் கூடும். ஒரு கூட்டம் தவறினால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், அதோடு இன்டர்ன்ஷிப் இடம் ஒதுக்கும் சுற்றும் போய்விடும். சேர்க்கை விண்ணப்பமும் சினாடு விண்ணப்பமும் ஒரே மாதத்தில் போவது நல்லது. உளவியல் மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் இருக்கிறது. முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ சாக்கிரமெந்துகளை (திருமுழுக்கு, நற்கருணை) நிறைவேற்றவோ கூடாது என்கிறது அதன் 14ஆம் பிரிவு. 'கடவுள் என்னை அழைத்தார்' என்ற உள்ளுணர்வை லுத்தரன்கள் தள்ளிவிடுவதில்லை. ஆனால் அது மட்டும் போதாது. வெளியிலிருந்து ஒரு சபை, ஒரு திருச்சபை, 'ஆம், நீ வா' என்று சொல்ல வேண்டும். மரபைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரே இதில் நல்ல சாட்சி. தனக்கு எதற்கு இந்த வேலை என்ற சந்தேகம் வந்தபோதெல்லாம் அவர் காட்டியது ஆவிக்குரிய அனுபவத்தை அல்ல, 1512இல் பெரியவர்கள் வற்புறுத்தி ஏற்கவைத்த டாக்டர் பட்டத்தையும் அதற்கு எடுத்த உறுதிமொழியையும்தான்.

கட்டுரைகளில் தோற்பவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்ல. மனமாற்றம் அடைந்த கதையை மூன்று பக்கம் எழுதிவிட்டு, அந்த அழைப்பை வேறு யார் கண்டார்கள், எங்கே கண்டார்கள் என்று ஒரு வரிகூட எழுதாதவர்கள். குழு தேடுவது அந்த வரியைத்தான்.

சி.பி.இ.: படிப்பின் மிகச் சிறந்த பகுதி

மருத்துவமனையில் மேய்ப்புப் பணிப் பயிற்சி. ஒரு யூனிட் என்றால் 400 மணி நேரம். அதில் குறைந்தது 100 மணி நேரம் குழுப் படிப்பும் மேற்பார்வையாளருடனான அமர்வும். மீதியில் பெரும்பகுதி வார்டில், இரவு அழைப்புகளுக்கு எழுந்து ஓடுவதில் போகும். கோடையில் முழுநேரமாகச் செய்தால் பத்துப் பதினொரு வாரத்தில் முடியும். வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகப் பல மாதங்களுக்கு நீட்டிச் செய்வதும் உண்டு. 1925இல் ஆன்டன் பாய்சன் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் நான்கு இறையியல் மாணவர்களோடு தொடங்கியது இது. இன்றும் அடிப்படை அதுவேதான்: நூலை வாசிப்பதுபோல் மனிதரை வாசிக்கப் பழகுவது.

பயிற்சியின் உயிர்நாடி 'வெர்பாட்டிம்' என்ற தாள். ஒரு சந்திப்பு முடிந்ததும், நோயாளியும் மாணவரும் பேசியதை நினைவிலிருந்து வரி வரியாக எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. பெயர்கள் மாற்றப்பட்டிருக்கும். நோயாளி முகம் திருப்பியதையும் இடையில் விழுந்த மௌனத்தையும்கூட அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். அப்புறம் குழுவின் முன் வாசிப்பு. வழக்கமாக அடி வாங்கும் தாள் இப்படி இருக்கும்:

நோயாளி 3: மகன் வரலைன்னு சொல்லிட்டான்.
மாணவர் 3: கவலைப்படாதீங்க, கடவுள் உங்களோட இருக்கார்.
நோயாளி 4: ஆமா. (ஜன்னல் பக்கம் திரும்புகிறார்.)
மாணவர் 4: ஜெபிக்கலாமா?

மேற்பார்வையாளர் கேட்பது ஒரே கேள்வி: மகனைப் பற்றிப் பேச வந்தவரை மூன்றாம் வரியில் நிறுத்தியது யாருக்காக? நோயாளியின் பயத்துக்கா, மாணவரின் பயத்துக்கா? சொன்ன இறையியல் சரிதான், சொன்ன நேரம்தான் தப்பு. வகுப்பறையில் இரண்டு பருவம் உட்கார்ந்தாலும் இது பிடிபடாது. எம்.டிவ்.வில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் கோளாறுகள் இல்லாமல் இல்லை. பயிற்சியின் தரம் மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது. மாணவரின் உள்காயங்களைக் கிளறத் தெரிந்து, மூடத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் அதே மையத்தில் முடித்த இருவரிடமாவது பேசிவிடுவது நலம். இறுதி மதிப்பீட்டு அறிக்கை திருச்சபைக் குழுவின் கோப்புக்குப் போகும் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. இன்டர்ன்ஷிப்புக்கு முன் சி.பி.இ. முடிந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆகவே முதலாம் ஆண்டுக் கோடையைச் சுற்றுலாவுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ஐக்கியம்: சிற்றாலயம், சாப்பாட்டு மேசை, காலியாகும் கட்டிடங்கள்

லுத்தரன் மரபில் ஐக்கியம் ஒப்புக்கு வைத்த அலங்காரம் அல்ல. 1537இன் ஸ்மால்கால்ட் பிரிவுகள் என்ற விசுவாச அறிக்கையில் சுவிசேஷம் நமக்கு வந்துசேரும் வழிகளை லுத்தர் வரிசைப்படுத்துகிறார்: பிரசங்கிக்கப்படும் வார்த்தை, திருமுழுக்கு, நற்கருணை, பாவமன்னிப்பு அதிகாரம். கூடவே, சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வது. கடைசியில் வருவது சாதாரணப் பேச்சுக்குக் கொடுத்த இடம். செமினரியில் அந்தப் பேச்சு நடக்குமிடம் வகுப்பறை இல்லை. சிற்றாலயம் விட்டு வெளியே வரும் பத்து நிமிடமும், எபிரேயத் தேர்வுக்கு முந்தின இரவும், மதியச் சாப்பாட்டு மேசையும்தான்.

நன்றாக நடக்கும் செமினரியில் மாணவர்கள் ஆராதனைக்கு வருவதோடு நிற்பதில்லை, நடத்துகிறார்கள். வாசகம், மன்றாட்டு, பீடப் பணி, இசை, பிரசங்கம் எல்லாம் முறைவைத்துச் சுற்றிவரும். தவறவிட்ட வாசகமும் சுருதி தப்பிய பாட்டும் அங்கேயே அரங்கேறிவிடும். சபைக்குப் போன பிறகு முதல் தடவை நடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் கட்டிடங்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெர்க்லியில் உள்ள பசிபிக் செமினரி 2014இல் கலிபோர்னியா லுத்தரன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, 2017இல் மலைமேல் இருந்த வளாகத்தை விட்டு நகருக்குள் இறங்கியது. அதே 2017இல் கெட்டிஸ்பர்க், பிலடெல்பியா செமினரிகள் ஒன்றாயின. அடுத்த ஆண்டு டிரினிட்டி செமினரி, கேப்பிடல் பல்கலைக்கழகத்துக்குள் போனது. சிகாகோ செமினரி 2023இல் தன் கட்டிடத்தை விட்டு, அருகில் இருந்த கத்தோலிக்க இறையியல் கல்லூரியின் கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்தது. தென் கரோலினாவின் கொலம்பியாவில் இருந்த சதர்ன் செமினரியை வட கரோலினாவின் ஹிக்கரிக்கு மாற்றும் முடிவு 2024இல் வந்தது. இதில் பாதி பணக்கணக்கு. மறுபாதி, மாணவர்களில் பெரும் பங்கினர் வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்க வந்துவிட்டது.

தொலைவிலிருந்து படிப்பதைக் குறையாகச் சொல்வது நியாயம் இல்லை. குழந்தையும் வேலையும் உள்ளவர்கள், ஏற்கெனவே சபையில் ஊழியம் செய்பவர்கள் இந்த வாசல் திறந்திருப்பதால்தான் படிக்கிறார்கள். ஆண்டுக்கு ஓரிரு தடவை வளாகத்தில் கூடும் தீவிர வகுப்பு வாரங்கள் அவர்களுக்கு உண்டு. அந்த வாரங்களில் வரும் நெருக்கம் நிஜமானதுதான். ஒரே வகுப்பணியாக ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள், வாரம் ஒரு மணி நேரம் காமெரா முன் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழு, இவை இருக்கும் இடத்தில் ஐக்கியம் நிற்கிறது. 'உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் பாருங்கள்' என்ற பதிவுசெய்த வகுப்புகள் மட்டுமே இருக்கும் இடத்தில் நிற்பதில்லை.

வளாகத்தில் தங்குபவர்களுக்கும் ஒரு பிரச்சினை உண்டு. அதைச் சேர்க்கைக் கையேடு சொல்லாது. பழைய வரிசையில், மூன்றாம் ஆண்டு முழுவதும் எல்லோரும் இன்டர்ன்ஷிப்புக்குச் சிதறிவிடுவார்கள். திரும்பி வரும் நான்காம் ஆண்டில் சாப்பாட்டு அறையில் பாதி முகங்கள் புதியவை. சிலர் இன்டர்ன்ஷிப்பைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளியிருப்பார்கள், சிலர் பகுதிநேரத்தில் இரண்டு ஆண்டாக நீட்டியிருப்பார்கள். மூன்று ஆண்டுக்கு முன் சேர்ந்தமர்ந்து அழுத கூட்டம் மறுபடி ஒன்றாகக் கூடுவதே இல்லை. துணைவர்களின் நிலை இன்னும் மோசம். வேலையை விட்டு வந்து, இரண்டாம் ஆண்டில் சிநேகிதம் பிடித்து, மூன்றாம் ஆண்டில் வேறு மாநிலத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

இன்னொன்று, வதந்தி. சிறிய இடம். யாருடைய ஒப்புதல் ஒத்திவைக்கப்பட்டது என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஜெர்மன் லுத்தரன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1935 முதல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ மூடும்வரை, அதாவது 1937 வரை, ஃபின்கென்வால்டில் நடத்திய செமினரியில் ஒரு விதி இருந்தது: இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். வழிபாட்டு ஒழுங்குகளைவிட இந்த ஒரு விதியைக் கடைப்பிடிப்பது கடினம் என்பது எந்தச் செமினரியிலும் முதல் பருவத்திலேயே தெரிந்துவிடும். கடைசி ஆண்டில் யாருக்கு எந்த ஊர் என்ற பேச்சு எழும்போது இன்னும் கடினம்.

பார்வையிடப் போகும் நாளில் கேட்க வேண்டியவை: வளாகத்திலோ நடந்துவரும் தூரத்திலோ வசிக்கும் எம்.டிவ். மாணவர்கள் எத்தனை பேர் (மொத்தச் சேர்க்கை எண்ணிக்கையைக் கேட்டால் எதுவும் தெரியாது), வாரத்தில் ஆராதனை எத்தனை நாள், மாணவர்கள் பிரசங்கிக்கிறார்களா, ஆசிரியர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள், இந்த வளாகம் ஐந்தாண்டுக்குப் பிறகும் இங்கேயே இருக்குமா. கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால், அதுவே பதில்.

இன்டர்ன்ஷிப்

பன்னிரண்டு மாதம், ஒரு சபையில், ஒரு போதகரின் மேற்பார்வையில். மிசௌரி சினாடில் இதன் பெயர் விக்கரேஜ், வழக்கமாக மூன்றாம் ஆண்டில். தொடக்கத்தில் ஒரு கற்றல் ஒப்பந்தம் எழுதப்படும்: எத்தனை பிரசங்கம், எத்தனை வீட்டுச் சந்திப்பு, திடப்படுத்தல் வகுப்பில் என்ன பங்கு. நடுவிலும் முடிவிலும் மதிப்பீடு. இதில் அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் பயன் தருவது சபையார் குழு. ஆறேழு விசுவாசிகள் மாதம் ஒருமுறை மாணவரோடு உட்கார்ந்து, பிரசங்கம் புரிந்ததா, குரல் கேட்டதா, அடக்க ஆராதனையில் குடும்பத்தாரிடம் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்வார்கள். 'எல்லாம் நன்று தம்பி' என்பதோடு குழு நிறுத்திக்கொண்டால் ஆண்டு வீண். முதல் கூட்டத்திலேயே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டால் அது குறையும். 'பிரசங்கம் எப்படி?' என்பதற்குப் பதில் 'போன ஞாயிறு பிரசங்கத்தில் திங்கள்கிழமை நினைவிருந்தது எது?' என்று கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பட்ஜெட் கூட்டத்தையும் சபைச் சச்சரவையும் எழுதி வாங்காத மாணவர்கள் பிறகு வருந்துகிறார்கள். செமினரியின் பெரிய ஓட்டை இங்கேதான்: நிதி அறிக்கை வாசிப்பது, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்துவது, கட்டிடத்தை விற்கலாமா வேண்டாமா என்று இரண்டாகப் பிளந்த சபையை நடத்திச்செல்வது. இவை பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒரு விருப்பப்பாடமாகக் கிடக்கின்றன. முதல் சபையிலோ முதல் மாதமே வந்து நிற்கும்.

கடைசி ஆண்டு: எங்கே போவது

இ.எல்.சி.ஏ.வில் 65 சினாடுகள், ஒன்பது மண்டலங்கள். இறுதி அங்கீகாரம் கிடைத்தவரை முதலில் மண்டலத்துக்கும், பிறகு சினாடுக்கும் ஒதுக்குவார்கள். மாணவர் தன்னைப் பற்றிய நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். சபைகளும் தங்களைப் பற்றி நிரப்பும். துணைவரின் வேலை, நோயுற்ற பெற்றோர் போன்ற காரணங்களுக்காக இடத்தைக் குறுக்கிக் கேட்கலாம். குறுக்கக் குறுக்கக் காத்திருப்பு நீளும், அவ்வளவுதான். பேராயர் பெயரைக் கொடுப்பார், அழைப்புக் குழு பேசும், பிரசங்கம் கேட்கும். பிறகு சபைக் கூட்டத்தில் வாக்கு. வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அழைப்புக் கடிதம் கையில் வந்த பிறகுதான் குருப்பட்டம். கடிதம் இல்லையென்றால், எல்லாம் முடித்திருந்தாலும் காத்திருக்க வேண்டும்.

மிசௌரியில் வேறு மாதிரி. செயின்ட் லூயிஸ், ஃபோர்ட் வெய்ன் ஊர்களில் உள்ள அதன் இரு செமினரிகளிலும் வசந்த காலத்தில் நடக்கும் அழைப்பு ஆராதனையில், ஒவ்வொருவர் பெயரும் அவர் போகும் சபையும் ஊரும் எல்லோர் முன்னிலும் வாசிக்கப்படும். ஒரே மாலையில் முடிந்துவிடும். பதற்றமும் ஆனந்தமும் ஒன்றாய்க் கலந்த நிகழ்ச்சி. வகுப்பு முழுவதும் ஒன்றாக அனுப்பப்படுகிறது என்ற உணர்வை அது தருகிறது. மாணவருக்குப் பேச்சுரிமை குறைவு. இ.எல்.சி.ஏ.வில் பேச்சுரிமை அதிகம், ஆனால் ஒருவருக்கு மே மாதத்திலும் பக்கத்து அறைக்காரருக்கு அடுத்த ஜனவரியிலும் அழைப்பு வரும். பட்டமளிப்பு நாளில் சிலர் கையில் ஊர் இருக்கும், சிலர் கையில் இல்லை. ஐக்கியத்தின் கண்ணோட்டத்தில் மிசௌரியின் சடங்கு மேல், குடும்பத்தின் கண்ணோட்டத்தில் இ.எல்.சி.ஏ. மேல். பெண்களுக்கு இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை: இ.எல்.சி.ஏ.வின் முன்னோடித் திருச்சபைகள் 1970இலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் தருகின்றன, மிசௌரி தருவதில்லை.

முதல் அழைப்பு முழுநேரமாகத்தான் வரும் என்று எண்ணிக்கொண்டு கடன் வாங்கக் கூடாது. அரைநேர அழைப்பும், இரண்டு மூன்று சிறு சபைகளைச் சேர்த்துப் பார்க்கும் அழைப்பும் சாதாரணம். இ.எல்.சி.ஏ.வின் 'தலைவர்கள் நிதி' என்ற உதவித்தொகை, செமினரியின் சொந்த உதவித்தொகை, சொந்தச் சபை, சினாடு என்று நான்கு இடத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது.

யாருக்கு வேறு வழி

நற்கருணைப் பீடத்தைவிட மருத்துவமனை, பள்ளி, சமூகப் பணி ஈர்க்கிறது என்றால் டீக்கன் (சேவைப் பணிக்கான ஊழியர்) பாதையைப் பார்ப்பது சரி. இ.எல்.சி.ஏ.வில் அதற்கும் இதே மூன்று கட்டம் உண்டு, ஆனால் எம்.டிவ். கட்டாயம் இல்லை. ஏற்கெனவே ஒரு சபையில், குறிப்பாகப் புலம்பெயர்ந்தோர் சபையிலோ தொலைதூரச் சபையிலோ, தலைமை ஏற்று நடத்துபவர்களுக்கு டீம் என்ற திட்டம் இருக்கிறது. எம்.டிவ். இல்லாமலே குருப்பட்டத்துக்குக் கொண்டுபோகும். தானாக விண்ணப்பிக்க முடியாது, பேராயர் முன்வந்து அடையாளம் காட்ட வேண்டும். மிசௌரியில் 2007இலிருந்து எஸ்.எம்.பி. என்ற பெயரில் இதையொத்த ஏற்பாடு உண்டு.

வேறு நாட்டு லுத்தரன் திருச்சபையிலிருந்து படிக்க வருபவர்களுக்கு எம்.டிவ். பட்டம் கிடைக்கும், சி.பி.இ.யும் கிடைக்கும். அங்கீகாரமும் அழைப்பும் தம்மை அனுப்பிய திருச்சபையிடமிருந்துதான் வரும். ஆகவே புறப்படும் முன்பே, எந்தெந்தப் பாடம், எத்தனை மாத சபைப் பயிற்சி தங்கள் பேராயருக்கு ஏற்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். வாய்மொழியாகச் சொன்னவர் நான்கு ஆண்டு கழித்து அதே நாற்காலியில் இருக்கமாட்டார்.